வேர்ஹவுஸின் பின்வளவில் மூன்று மாதம்

நான் ஒரு வான் வண்டியில் குடியிருந்தது என் மகளுக்குத் தெரியாது. அவள் லீட்ஸில் இரண்டாம் வருடம் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். லண்டனில், செவன் கிங்ஸில் நாங்கள் முன்பு இருந்த பிளாட்டின் பச்சை யன்னல்சீலையை நான் எறியாமல் வைத்திருந்தேன். அதை வானின் பின்கதவில் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து கதைப்பேன். கைபேசியின் சின்னத் திரையில் பார்க்கிறவளுக்கு நான் பழைய முன்னறையில் இருப்பதுபோலவே தெரியும். இதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்ததை விட, எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்கிறேன் என்ற பெருமைதான் அந்த நாட்களில் கூட இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள். அப்போது மகளுக்கு எட்டு வயது. கணவர் டோர்ட்முண்டிலேயே நின்றுவிட்டார். நானும் மகளும் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். நான் முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியிலும், பிறகு முதியோர் இல்லமொன்றிலும் வேலை செய்தேன். மகள் லீட்ஸுக்குப் போன அடுத்த வசந்தத்தில் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். எத்தனையோ வருடமாக வாடகையை ஏற்றாதவர். அதனாலேயே வெளியில் வாடகை எந்த உயரத்துக்குப் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்துவிட்டது. நகரசபையான கவுன்சிலில் போய் வீடு கேட்டேன். தனி ஆள், பிள்ளை வளர்ந்துவிட்டாள், உடம்பில் வருத்தம் இல்லை. பட்டியலில் எனக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே இருந்த பெண் அதை மரியாதையாகத்தான் சொன்னாள்.

கொண்டாட்டங்களுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு அண்ணை தன்னுடைய நீள வானை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு அதை வாங்கினேன். வான் ஓட்ட எனக்கு ஜெர்மனியிலேயே பழக்கம். "உங்களுக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு பெரிய வான்?" என்று கேட்டார். "மகளின்ர சாமான் ஏத்தி இறக்க" என்றேன். அது ஒரு பொய்யின் தொடக்கம் என்று அப்போது எண்ணவில்லை. உள்ளே ஒரு மரக்கட்டில் அடித்து, சின்ன காஸ் அடுப்பு ஒன்றும் வைத்துக்கொண்டேன். எத்தனை தரம் கழுவினாலும் மழை பெய்தால் ரோல்ஸ் பொரித்த மணம் எழும்பும்.

அந்தக் கோடை முழுவதும் தெருவுக்குத் தெரு மாறினேன். ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மேல் நிற்பதில்லை. நீச்சல் குளத்துக்குப் போய்க் குளித்துக்கொண்டு வேலைக்குப் போவேன். கஷ்டம் அதுவல்ல. "இப்ப எங்கை இருக்கிறீங்கள்?" என்று ஆராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிய கஷ்டம். இல்ஃபோர்ட் கடைத்தெருவில் தமிழ் முகம் ஒன்று தூரத்தில் வந்தால் அடுத்த பக்கத்துக்குக் கடந்துவிடுவேன். கோயிலுக்குப் போவதையும் விட்டேன். புரட்டாதியில் முதியோர் இல்லத்தையும் மூடினார்கள்.

அப்போதுதான் ஒரு ஏஜென்சியில் அந்த வேலையைப் பற்றிச் சொன்னார்கள். தேம்ஸ் ஆற்றை ஒட்டி, கிழக்கு லண்டனின் ஓரத்தில், ஒரு பெரிய வேர்ஹவுஸ். கிறிஸ்மஸ் முடியும் வரைக்கும் ஆள் வேண்டும். வானிலோ கரவனிலோ இருக்கிறவர்கள் பின்வளவில் நிறுத்திக்கொள்ளலாம், கன்டீன் கட்டடத்தில் குளிக்க வசதி உண்டு என்றார்கள். நான் அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். வானில் இருப்பதை மறைக்கத் தேவையில்லாத முதல் இடம் அது.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு காலையில் வளவுக்குள் ஓட்டிப் போனேன். கம்பி வேலிக்கு உள்ளே ஏழெட்டு வண்டிகள் நின்றன. எனக்குக் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மோட்டர்ஹோம். அதன் படியில் எழுபது வயதளவில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்து சப்பாத்தைத் துலக்கிக்கொண்டிருந்தா. என் வான் நின்றதும் எழும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடு, இல்லாவிட்டால் காற்று நேரே உன் கதவில் அடிக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னா. சொன்னது மட்டுமில்லை, பின்னால் நின்று கையைக் காட்டி என்னைச் சரியாக நிற்கவும் வைத்தா.

அவ முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவ. பென்ஷன் எடுத்த பிறகு வீட்டை விட்டுவிட்டு வண்டியிலேயே வாழ்கிறா. ஆவணி புரட்டாதியில் கென்டில் அப்பிள் பறிப்பது, பிறகு இந்த வேர்ஹவுஸ், வசந்தம் வந்தால் கடற்கரைப் பக்கம் கரவன்கள் நிறுத்துகிற இடமொன்றில் துப்புரவு வேலை. இதையெல்லாம் முதல் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டா. "நீ?" என்று கேட்டா. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள்" என்று சிரித்தா. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. ஒரு கிழமை அவவோடு அளவோடுதான் கதைத்தேன். பிறகு மிளகாய்த்தூள் கேட்டு வந்தா. நான் கொடுத்தேன். அடுத்த நாள் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னும் கொஞ்சம் கேட்டா. அதன் பிறகு பகையாக இருப்பது எப்படி?

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். செம்மஞ்சள் மேற்சட்டை, முனையில் இரும்பு வைத்த சப்பாத்து, கையில் ஒரு ஸ்கேனர். அது எந்த வரிசை, எந்தத் தட்டு என்று சொல்லும். போய்ச் சாமானை எடுத்து, அதில் ஒட்டியிருக்கிற பார்கோடை ஸ்கேனருக்குக் காட்டி, வண்டிலில் போட வேண்டும். மெழுகுதிரி, பொம்மை, வாசனைப் போத்தல், நாய்க்குப் போடுகிற கிறிஸ்மஸ் சட்டை. ஒன்றை எடுத்ததும் அடுத்ததற்கு எத்தனை செக்கன் என்று ஸ்கேனர் எண்ணத் தொடங்கிவிடும். முதல் கிழமை என் கால் வீங்கி, சப்பாத்தைக் கழற்ற முடியாமல் வானின் படியில் இருந்துவிட்டேன். இரண்டாம் கிழமை ஸ்கேனர் காட்டுமுன்பே எனக்கு வரிசைகள் தெரிந்தன. எங்கள் சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். "அக்கா, நீங்க நடக்குற நடைக்கு நாங்க ஓடணும்" என்பாள். வேலையில் ஒருவர் என்னைப் பாராட்டிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஞாயிறு நாடகம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு நல்ல மழை. வானின் தகரக் கூரையில் விழுகிற சத்தம் மகளுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன சத்தம் அம்மா அது?"

"குசினியில கடுகு வெடிக்குது."

"அவ்வளவு கடுகோ?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அம்மா கதவில் தட்டி, "உன் காஸ் சிலிண்டர் மழையில் நனைகிறது! உள்ளே எடு!" என்று கத்தினா. "டிவி, டிவி" என்று சொல்லி நான் வீடியோவை நிறுத்தினேன். வெளியே போய்ச் சிலிண்டரை எடுத்து வைக்கும்போது அவவைப் பார்த்து, நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்று சொன்னேன். நின்று கேட்டா. மழைத்தண்ணி தலையால் வடிந்துகொண்டிருந்தது.

"அப்போ நான் டிவியா?" என்றா. பிறகு, "உன் பிள்ளைக்கு இருபது வயது, இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டா.

கார்த்திகை நடுவில் மகள் கூப்பிட்டு, படிப்பு முடிகிற அன்றே கிறிஸ்மஸ் லீவுக்கு வருவதாகச் சொன்னாள். "என்ர அறையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கோ அம்மா. படிக்க வேணும்" என்றாள். அந்த அறையில் இப்போது வேறு யாரோ ஒருவரின் பிள்ளை தூங்குகிறது. கட்டிலில் இருந்தபடி பச்சைச்சீலையைக் கழற்றினேன். வீடியோவைத் திருப்பி, யன்னலில் வடிகிற ஈரத்தையும், அடுப்பையும், கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த அவளுடைய புத்தகப் பெட்டிகளையும் காட்டினேன். "பிள்ளை, நான் வானிலைதான் இருக்கிறன்" என்றேன்.

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"எப்பேலயிருந்து?"

"சித்திரை முடிவிலையிருந்து."

"அப்ப ஏழு மாசமா எனக்கு நடிச்சுக் காட்டினீங்களோ?"

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் ஜெர்மன். சின்ன வயதில் படித்த பாஷைதான் இன்றும் அவளுடைய கோப பாஷை. கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனை வைத்துவிட்டாள். மூன்று ஞாயிறு கூப்பிடவில்லை. "சாப்பிட்டியோ?" என்று நான் எழுதினால் "ஓம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

அந்த நாட்களில்தான் வேர்ஹவுஸில் வேலை உச்சத்துக்கு ஏறியது. எனக்கு எல்லாம் பிழையாகப் போனது. நீலச் சட்டைக்குப் பதில் பச்சையை எடுத்தேன், கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடுகிற கண்ணாடிக் குண்டுகளை ஒரு தட்டு முழுக்கத் தட்டிவிட்டேன். உடைந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன், வீட்டுக்கு அனுப்பப்போகிறாள் என்ற முடிவோடு. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்த பார்சல்களின் குவியலுக்கு முன்னால் நின்று, கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, போனை அதற்கு மேல் பிடித்து மொழிபெயர்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, 'என் மகன் ஏணியை விட மரமாயிட்டான்'னு வருது?"

எட்டிப் பார்த்தேன். ஜெர்மன் கையெழுத்து. "இது ஏணியுமில்லை, மரமுமில்லை. சட்டை ஓடர் பண்ணி வாறதுக்கிடையிலை மகன் வளந்திட்டானாம். ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ எண்டு கேக்கிறா. கரைச்சலுக்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா? இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"ஆரும் கேக்கேல்லை."

அன்று மத்தியானத்திலிருந்து நான் ஸ்கேனரைத் தொடவில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கம்ப்யூட்டர். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் திரும்பி வந்த பார்சல்கள் மாதக்கணக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, கடிதத்தை வாசித்து, பதில் எழுதினேன். விட்டுவிட்டு வந்த நாட்டோடு விட்டுப்போனது என்று நினைத்திருந்த பாஷை, நான் போய்த் தேடாமலே கையில் வந்து நின்றது. முதல் நாள் எழுத்துப் பிழை வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

மகள் சொன்ன நாளில் வந்தாள். பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷன் வாசலில் காத்து நின்றேன். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வளவுக்கு வந்து வானுக்குள் ஏறினாள். சுவரைத் தடவிப் பார்த்தாள், கூரையைத் தட்டிப் பார்த்தாள், யன்னலின் ரப்பரை விரலால் அழுத்தினாள். நான் வெளியே நின்றேன், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளைபோல.

"கார்பன் மொனொக்சைட் அலாரம் எங்கை?"

"என்ன அலாரம்?"

"யன்னலைப் பூட்டிப்போட்டு காஸ் அடுப்பு எரிக்கிறீங்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை அம்மா. நித்திரையிலேயே ஆள் முடிஞ்சிடும். இஞ்சை ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

பையைக்கூட இறக்காமல் திரும்பி நடந்து போனாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு ஹார்ட்வெயார் கடைப் பையோடு வந்தாள். இரண்டு அலாரம், சுவரில் ஒட்டிக் குளிரைத் தடுக்கிற, வெள்ளித்தாள் மாதிரியான ஒரு சுருள், ஒரு கத்தரிக்கோல். ஒரு அலாரத்தை எங்கள் கட்டிலுக்கு மேலே பூட்டினாள். மற்றதைப் பக்கத்து அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவவிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, பற்றரி செத்துப்போய். "டிவி சொல்லுகிறது, நன்றி" என்றா அவ. அன்று வீடியோவில் கேட்ட குரல் இதுதான் என்று விளங்கி மகள் சிரித்துவிட்டாள். மூன்று கிழமைக்குப் பிறகு நான் கேட்ட அவளுடைய சிரிப்பு அது.

வெள்ளித்தாளை அளந்து சுவரில் ஒட்டும்போதுதான் அவள் கதைத்தாள். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வைகாசியில நான் ஸ்பெயினுக்கு ட்ரிப் போக ஆசையாயிருக்கு எண்டு சொன்னனான். நீங்கள் போயிட்டு வா எண்டு காசு அனுப்பினீங்கள். அப்ப இதுக்குள்ளதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருப்பனோ? எனக்குத் தெரியாமல் என்னை ஒரு சுயநலக்காரி ஆக்கிப்போட்டீங்கள் அம்மா."

ஏழு மாதத்தில் அந்தக் கோணத்தில் நான் ஒரு தரம்கூட யோசித்திருக்கவில்லை. அவளை நான் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுடைய படங்களில், கடலுக்கு முன்னால் அவள் சிரித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய சந்தோசத்தையும் இப்போது நானே பறித்துவிட்டேன். "நான் செய்தது பிழை" என்றேன். பிள்ளைக்கு அப்படிச் சொல்வது எங்கள் ஆட்களுக்கு லேசில் வராது. எனக்கும் அது முதல் தரம். அவள் ஒட்டுவதை நிறுத்தாமல், "கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ" என்றாள்.

அவளும் பத்து நாள் அங்கே வேலை செய்தாள். ஆள் பற்றாத நேரம், கேட்டதும் எடுத்தார்கள். ஒரே கட்டிலில் அவள் தலைமாட்டிலும் நான் கால்மாட்டிலுமாகப் படுத்தோம். வேலைக்குப் போன முதல் நாள் அவளுடைய கால் வீங்கியது. நான் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன். "நீங்கள் எப்பிடியம்மா ரெண்டு மாசம் இதைச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் இரக்கம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

கிறிஸ்மஸ் அன்று வளவில் நான்கு வண்டிகள்தான் மிஞ்சின. பக்கத்து அம்மா தன் சின்ன அவணில் கோழி சுட்டா, நான் புட்டும் இறால் பொரியலும் செய்தேன். மோட்டர்ஹோமின் மேசையில் முழங்கைகள் முட்ட முட்ட இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். புட்டுக்கு மேல் அவ கிரேவியை ஊற்றினா. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

தை முதல் கிழமையோடு வளவைக் காலி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு சூப்பர்வைசர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். திரும்பி வருகிற பார்சல்களின் பகுதியில் நிரந்தர வேலை. "நான் எதுவும் பண்ணலக்கா. ஜெர்மன்காரங்க நெறைய பேரு உங்களுக்கு நன்றி எழுதியிருக்காங்க, மேனேஜர் அதைப் படிச்சுட்டார்" என்றாள். அந்தக் கடிதம் கையில் இருந்தபடியால் இல்ஃபோர்ட்டில் ஒரு வீட்டில் எனக்கு அறை கொடுத்தார்கள். ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் வெளியே போக வேண்டிய அறை. ஆனால் குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வந்தது. மகள் புத்தகப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு லீட்ஸுக்குப் போனாள். பக்கத்து அம்மா கடற்கரைப் பக்கம் போனா. பங்குனி விடுமுறையில் மகளும் நானும் வானில் போய் அவவோடு மூன்று நாள் நின்றுவிட்டு வந்தோம்.

இந்த ஐப்பசியில் பின்வளவுக்கு மறுபடி வண்டிகள் வரத் தொடங்கின. தேநீர் இடைவேளையில் வெளியே வந்தபோது ஒரு வெள்ளை வானின் பக்கத்தில் என் வயதளவில் ஒரு தமிழ் ஆண், இரண்டு பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் குடிதண்ணிக் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கே நிரப்புவது என்று தெரியாமல் நின்றார். என் முகத்தைக் கண்டதும் சட்டென்று மற்றப் பக்கம் திரும்பி, வானின் டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்தார். உள்ளே ஒரு பெண்ணின் கை யன்னல்சீலையை இழுத்து மூடியது.

திரும்பிப் போய்விடுவதுதான் மரியாதையோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு கிட்டப் போனேன்.

"அண்ணை, தண்ணி பைப் கன்டீனுக்குப் பின்னால இருக்கு. வாங்கோ, காட்டுறன். போன வருசம் நானும் இஞ்சைதான் இருந்தனான். அந்தா, அந்த மூலையில."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காட்டிய மூலையைப் பார்த்தார். வானுக்குள்ளிருந்து சீலை கொஞ்சம் விலகியது.

"நீங்களும் வானிலயோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம். வானை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. இந்தப் பக்கத்துக் காத்து நேரே கதவிலதான் அடிக்கும்."

கானின் ஒரு பிடியை அவர் பிடித்தார், மற்றதை நான் பிடித்தேன். பின்னால் வான் கதவு திறந்து, அவருடைய மனைவி இன்னொரு கானோடு இறங்கி வந்தா.